குத்தூசி போடாமல் வாங்கிய மூட்டை
நுவரெலியா விடுதியில் ஓர் இரவு கற்றுத் தந்த வியாபாரப் பாடம்



ஒரு மூட்டை துவரம்பருப்பு கடை வாசலில் வந்து இறங்கினால் நாம் என்ன செய்வோம்? குத்தூசியை எடுத்து மூட்டையின் மேலே ஒரு குத்து, நடுவே ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. உள்ளங்கையில் கொட்டி, ஊதி, ஒன்றிரண்டைப் பல்லில் கடித்துப் பார்த்த பிறகுதான் எடை போடச் சொல்வோம். முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தும் எனக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நான், வெளிநாட்டில் மூன்று அறைகளைக் குத்தூசி போடாமல் வாங்கி, உடன் வந்த ஏழு பேரையும் ஒரு இரவு முழுவதும் அவதிப்பட வைத்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். என் முட்டாள்தனம் நாலு பேருக்குப் பயன்பட்டால் நல்லதுதானே!

புறப்பட்ட காரணம்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சித்திரை பிறந்த மறு வாரம், கணியம்பாடியிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் எட்டு பேர் இலங்கைக்குப் புறப்பட்டோம். அரிசி மண்டிப் பெரியவர் ஒருவர், எண்ணெய்க் கடைக்காரரும் அவர் மனைவியும், மிளகாய் கமிஷன் மண்டிக்காரர், மளிகைக் கடை நடத்தும் அண்ணன் தம்பி இருவர், பிறகு நானும் என் மனைவியும். பாதி சுற்றுலா, பாதி வியாபாரம்.

வியாபாரம் என்றால் முக்கியமாகப் பட்டை. நம் கடைகளில் பட்டை என்று விற்பதில் பெரும்பகுதி, தடித்த தோலாக ஒரே சுருளாக இருக்கும் காசியா ரகம். இலங்கைப் பட்டை அப்படியல்ல. காகிதம் போல் மெல்லிய தோல்களை ஒன்றன் உள் ஒன்றாக அடுக்கிச் சுருட்டியிருப்பார்கள். கையால் நசுக்கினாலே நொறுங்கும். நிறமும் வெளிர், காரமும் மென்மை. மிக மெல்லிய சுருளை ஆல்பா என்றும், அதற்கடுத்த ரகங்களை சி5 போன்ற பெயர்களிலும் தரம் பிரிக்கிறார்கள். விலையும் காசியாவைவிடப் பல மடங்கு. வேலூர், திருவண்ணாமலை பக்கம் இனிப்புக் கடைகளும், சர்க்கரை நோய்க்காகக் கேட்கும் வாடிக்கையாளர்களும் இதைத் தேடுவதால், கொழும்பு மொத்த வியாபாரி ஒருவரை நேரில் பார்த்து மாதிரி வாங்கி வருவது என்று முடிவு செய்தோம்.

முதல் நாள் கொழும்பு புறக்கோட்டை. நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே நடந்தபோது நம்மூர் மண்டித் தெருவில் நடப்பது போலவே இருந்தது. நாங்கள் பார்க்க வேண்டிய பட்டை வியாபாரி அன்று ஊரில் இல்லை. நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அன்று பகலுக்கு மேல் தென்பகுதிக்குக் கொள்முதலுக்குப் போய்விடுவாராம். அன்றிரவே எங்களுக்குச் சென்னை விமானம். ஆகவே பதினோரு மணியை விட்டால் வேறு நேரம் கிடையாது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் இரவு திருகோணமலையில் தங்கினோம். மூன்றாம் நாள் காலை கோணேசர் தரிசனம் முடித்து, தம்புள்ளை மொத்தக் காய்கறிச் சந்தையைப் பார்த்துவிட்டு, கண்டி வழியாக நுவரெலியா போய்ச் சேர்வதாகத் திட்டம். அங்கே இரவு தங்கி, விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குப் புறக்கோட்டை. கணக்கு காகிதத்தில் மிக அழகாகத்தான் இருந்தது.

போனில் முடித்த பேரம்

நுவரெலியா விடுதியை ஏற்பாடு செய்தவன் நான். ஒரு பயண ஏஜெண்ட் மூலம் போன் எண் வாங்கி, நானே பேசினேன். மூன்று அறை, அறைக்கு 14,000 இலங்கை ரூபாய். ஆக 42,000. நம் ஒரு ரூபாய்க்கு அப்போது அவர்கள் பணம் சுமார் மூன்றரை ரூபாய் என்பதால், நம் கணக்கில் 12,000 ரூபாய். "எல்லாம் உட்படத்தானே?" என்றேன். "ஓம் ஐயா, எல்லாம் உட்படத்தான்" என்றார்கள். "டிரைவருக்குப் படுக்க இடம்?" என்றேன். "அது இருக்குது, பிரச்சினை இல்லை" என்றார்கள். 20,000 ரூபாய் முன்பணம் ஏஜெண்ட் வழியாகக் கட்டினேன். பணம் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது வந்தது. அறை வாடகை எவ்வளவு, அதில் எது சேர்த்தி, எது தனி என்று ஒரு வரி எழுத்தில் வாங்கவில்லை. என் கடையில் ஒரு டின் எண்ணெய் கடன் கொடுத்தால்கூட நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறவன் நான்!

அன்று காலையே டிரைவர் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். அவர் சிங்களவர், ஆனால் தமிழ் பேசுவார். "சேர், கண்டியில தலதா வந்தனாவ. சரியான சனம். மகியங்கனைப் பக்கத்தால போவோமா?" என்றார். கண்டி தலதா மாளிகையில் உள்ள புத்தரின் புனிதப் பல்லைப் பொதுமக்கள் நேரில் தரிசிக்க 16 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஏப்ரல் 18 முதல் 27 வரை அனுமதித்திருந்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கான பேர் கண்டியில் குவிந்திருந்தார்கள். நம் திருவண்ணாமலை கார்த்திகை தீபத்தைப் பத்து நாளும் நடத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கோ கிலோமீட்டர் கணக்கு. வேனுக்கு நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசி, அதற்கு மேல் போனால் கூடுதல் வாடகை. "சுற்றிப் போனால் காசு ஏறும், கண்டி வழியாகவே போங்க" என்று சொல்லிவிட்டேன். பாதை தெரிந்தவன் சொல்லைக் காசுக்காகத் தள்ளினேன்.

மாலை மூன்று மணிக்குக் கண்டிக்கு முன்னால் வேன் நின்றது. நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து, நெரிசலை விட்டு வெளியே வந்தபோது ஆறரை. அதன் பிறகு எழுபது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை, தூறல், பனி மூட்டம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். எங்கள் ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி இருக்கும் இடம் 725 மீட்டர்தான். மலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் குளிர் நமக்குத் தெரியும் என்று எண்ணிச் சால்வைகூட எடுக்காமல் போயிருந்தோம்.

கவுண்டரில் நடந்தது

விடுதி வாசலில் இறங்கியபோது இரவு பத்தே கால். கவுண்டரில் இருந்த இளைஞர் நோட்டைப் புரட்டினார். "ஐயா, புக்கிங் இருக்குது. ஆனால் எட்டு மணிக்குள்ள வராததால ஒரு ரூம் குடுத்திட்டோம். இப்ப ரெண்டு ரூம்தான் தரலாம்" என்றார்.

"முன்பணம் கட்டியிருக்கிறோமே?"

"அது சரி ஐயா. சீசன்தானே."

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் வசந்த காலச் சீசன். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று கொழும்பே அங்கே வந்துவிடும். கண்டியில் இடம் கிடைக்காதவர்களும் அன்று மலை ஏறியிருந்தார்கள். எட்டு மணி என்று ஒரு நிபந்தனை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாடகையும் மாறியிருந்தது. சீசன் விலை அறைக்கு 22,000. நான் 14,000 என்றேன். "யார் ஐயா பேசினது?" என்றார். பேசியவர் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. "எழுத்தில இருக்குதா?" என்றார். இல்லை. அத்துடன் என் வாதம் முடிந்தது. வேறு விடுதி தேடலாம் என்று அண்ணன் தம்பி இருவரும் ஓடினார்கள். நாலு இடத்தில் கேட்டுவிட்டு நனைந்த தலையோடு திரும்பி வந்தார்கள். எங்கும் இடமில்லை.

அறைக்குள் போனோம். சுவரில் ஈரம் பூத்திருந்தது. போர்வையை விரித்தால் நனைந்த சாக்கு வாசனை. சுடுதண்ணீர் காலை ஆறு முதல் ஏழு வரை மட்டும். அறையைச் சூடாக்கும் ஹீட்டர் வேண்டுமானால் தனியாக 3,000. தரையில் போட மெத்தை ஒன்றுக்கு 2,500. மேஜை மேல் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலும், 250 ரூபாய் என்று எழுதிய சிறு அட்டையும் இருந்தன. நாங்கள் அதைத் தொடவில்லை. ஓர் அறையைப் பெண்கள் இருவருக்கும் ஒதுக்கினோம். மற்றதில் ஆறு ஆண்கள், இரண்டு கட்டில், இரண்டு மெத்தை.

கடைசியில்தான் டிரைவர் விஷயம் வந்தது. டிரைவர்கள் அறை நிரம்பிவிட்டதாம். "வேன்ல படுப்பார் ஐயா, அவங்களுக்குப் பழக்கம்" என்றார் கவுண்டர்க்காரர்.

டிரைவரும் அதையே சொன்னார்: "பரவாயில்லை சேர். நான் வேன்ல படுக்கிறது." வெளியே பன்னிரண்டு டிகிரிக்கு மேல் இருக்காது. விடியற்காலை நாலரைக்கு எழுந்த மனிதர் அவர். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பதினைந்து மணி நேரம் ஆகியிருந்தது. கண்கள் மிளகாய்த் தூள் பட்டது போல் சிவந்திருந்தன. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அவர் நினைப்பே இல்லை. என் நினைப்பெல்லாம் கூடுதலாகப் போகும் பணத்திலும், காலை பதினோரு மணியிலும் இருந்தது.

எதிர்க் கடை வெளிச்சம்

பெரியவருக்குச் சர்க்கரை நோய். ராத்திரி மாத்திரை போட ஏதாவது சாப்பிட வேண்டும். விடுதிச் சமையலறையை மூடிவிட்டார்கள். சாலைக்கு எதிரே ஒரு சிறிய பலசரக்குக் கடையில் பலகையைப் பாதி சாத்திக்கொண்டிருந்தார்கள். நானும் எண்ணெய்க் கடைக்காரரும் ஓடினோம்.

கடைக்காரர் மலையகத் தமிழர். அந்த மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழர்கள்தான். விவரத்தைச் சொன்னதும் சாத்திய பலகையைத் திரும்பத் திறந்தார். பாண், வாழைப்பழம், பிஸ்கட், தண்ணீர்ப் பாட்டில் எடுத்து வைத்தார். பின்பக்கம் வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்க் சுடுதண்ணீரும், இஞ்சி போட்ட தேநீரும் கொண்டு வந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூறு ரூபாய்தான் வாங்கினார். அந்த ஏப்ரல் முதல் தேதியில் அரசு நிர்ணயித்த உச்ச விலை அது. சுடுதண்ணீருக்கும் தேநீருக்கும் எவ்வளவு என்று கேட்டோம். "கடை சாமானுக்குக் காசு எடுத்தாச்சே ஐயா. அது வீட்டுத் தண்ணி" என்றார்.

ஐந்நூறு அடி தள்ளி எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் இரட்டை விலை சொல்லியிருந்தாலும் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்போம். நாங்கள் மறுநாள் ஊரைவிட்டுப் போகிறவர்கள், திரும்ப வரவே போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். எண்ணெய்க் கடைக்காரர் திரும்பி நடக்கும்போது, "அண்ணே, நம்ம கடையில ராத்திரி பதினோரு மணிக்கு வெளியூர்க்காரன் வந்தா நாம பலகையைத் திறப்பமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பெரியவர் எடுத்த முடிவு

மாத்திரை போட்டு முடித்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "டிரைவர் எங்கே படுத்திருக்கிறார்?" என்பது. வேனில் என்றோம். எழுந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனார். நாங்களும் பின்னால் போனோம். வேனுக்குள் டிரைவர் முழங்காலை மடக்கி, சீட் உறையை உருவிப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

"எழுந்து வாப்பா, என் கட்டில்ல படு" என்றார் பெரியவர்.

"ஐயோ, வேண்டாம் ஐயா. முதலாளிமார் படுக்கிற இடம்."

"நீ இப்ப தூங்கலைன்னா, நாளைக்கு நாங்க எல்லாருமே சேர்ந்து தூங்கிடுவோம். வா."

அதற்கு மேல் டிரைவர் மறுக்கவில்லை. பெரியவர் தரையில் மெத்தையில் படுத்தார். நாங்கள் ஆளுக்கொரு மூலையில் சுருண்டோம். அப்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நான் மெல்ல ஆரம்பித்தேன். "அண்ணே, நாலு மணிக்குக் கிளம்பணும். அலாரம் வைக்கட்டுமா?"

"வைக்காதே தம்பி. அவர் தானா எழுந்திருக்கும்போதுதான் வண்டி கிளம்பும்."

"பட்டைக்காரர் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாரே! இதுக்காகத்தானே இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்?"

"பட்டை எங்கேயும் போகாது."

எனக்குக் கோபம் வந்தது. மிளகாய் மண்டிக்காரரும் என் பக்கம்தான். ஆனால் பெரியவர் சொல்லை மீறவும் முடியவில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு, போன பணத்தையும் போகப்போகும் கொள்முதலையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் டிரைவர் அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

காலை எட்டரைக்கு அவர் எழுந்தார். கணக்குத் தீர்க்கப் போனேன். இரண்டு அறை 44,000, மெத்தை இரண்டு 5,000, ஹீட்டர் இரண்டு 6,000. கூட்டினால் 55,000. அதன் மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம் 5,500. ஆக 60,500. அதன் மேல் வாட் வரி 18 சதவீதம் 10,890. மொத்தம் 71,390 ரூபாய்! நம் பணத்தில் சுமார் 20,400. மூன்று அறைக்கு 12,000 என்று பேசி, இரண்டு அறைக்கு 20,400 கொடுத்தேன். முன்பணத்தைக் கழித்துக்கொண்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. டிரைவருக்கு நாங்கள் விட்டுக் கொடுத்த கட்டிலுக்குத் தனிக் கட்டணம் போடாததும் அவர்கள் புண்ணியம்தான்.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். புறக்கோட்டை வியாபாரிக்குப் போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார், ஆனால் காத்திருக்க முடியாது என்றார். விமானத்தை மட்டும் பிடித்தோம். அந்தப் பட்டையை நாங்கள் இன்றுவரை நேரில் பார்க்கவில்லை. சென்னை இறக்குமதியாளரிடமே வாங்கி விற்கிறோம். கிலோவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய லாபம் போனது போனதுதான். வழியெல்லாம் நான் பெரியவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்த செய்தி

ஊர் திரும்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2025 மே 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பேருந்து ஒன்று, நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் சாலையில், கொத்மலை கெரண்டி எல்ல என்ற இடத்தில் பள்ளத்தில் உருண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அதை ஆராய்வது நம் வேலையல்ல. ஆனால் அந்தச் சாலையும் அந்த நேரமும் என்னை உலுக்கிவிட்டன. நாலு மணிக்கு அலாரம் வைத்திருந்தால் அதே இறக்கத்தில், அதே இருட்டில், தூங்காத டிரைவரின் கையில் எங்கள் எட்டு உயிரும் இருந்திருக்கும்.

செய்தியைப் படித்த அன்று மாலையே பெரியவர் மண்டிக்குப் போனேன். ஒன்றும் சொல்ல வரவில்லை. அவரும் செய்தியைப் படித்திருந்தார். "உட்கார் தம்பி, டீ சொல்றேன்" என்றார். அவ்வளவுதான்.

நம் ஊரில் நாம் எப்படி?

விடுதிக்காரரை மட்டும் திட்டிவிட்டு இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அது நியாயமாகாது. நமக்கு ஓர் இரவு வெளிநாடு எப்படி இருந்ததோ, அப்படித்தான் பல பேருக்கு நம் வேலூர் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா ஆகிய மாநிலங்களிலிருந்தும், வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருவது நாம் அறிந்ததே. காந்தி ரோடு பக்கத்து லாட்ஜ்களில் அறை எடுத்து, ஒரு ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டு, வாரக் கணக்கில் தங்குகிறார்கள். நம் கடைகளுக்கு வந்து அரைக் கிலோ புழுங்கல் அரிசி, கால் கிலோ மசூர் பருப்பு, ஒரு சின்னப் பாட்டில் கடுகெண்ணெய் கேட்கிறார்கள். மொழி தெரியாது, விலை தெரியாது, மனசு முழுவதும் நோயாளி மேல். "இவன் நாளைக்கு ஊருக்குப் போகிறவன்தானே" என்று நம்மில் ஒருவர் நினைத்தாலும், நுவரெலியாக் கவுண்டர்க்காரருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

சட்டத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் கடைக்காரர்களாகிய நம் மேல் எடையளவுத் துறை வழக்குப் போடும். ஆனால் ஹோட்டல்களும் உணவகங்களும் தண்ணீர்ப் பாட்டிலை அதற்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே பாட்டிலை மட்டுமல்ல, இடத்தையும் சேவையையும் சேர்த்துத் தருகிறார்கள் என்பது காரணம். இது நமக்கு அநியாயம் என்று சிலர் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுவே நமக்குப் பெருமை. மளிகைக் கடையில் சொன்ன விலைதான் விலை என்று ஜனங்கள் நம்புவது நம் தொழிலின் மூலதனம்.

டிரைவர்கள் விஷயத்திலும் நமக்குப் பங்கு இருக்கிறது. மோட்டார் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961லேயே சட்டம் வகுத்தார்கள். தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு கட்டட விதிகளில் திருத்தம் செய்து, தங்கும் விடுதிகள் வளாகத்திலோ அருகிலோ டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் செய்து தர வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. ஆணை காகிதத்தில் இருந்தால் போதுமா? பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை கிரிவலத்துக்கு ஆந்திராவிலிருந்து வரும் வேன்கள் சித்தூர், வேலூர் தாண்டி நம் கணியம்பாடி வழியாகத்தான் போகின்றன. பக்தர்கள் இரவெல்லாம் பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் திரும்பும் டிரைவர் எப்போது தூங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. நம் கடை வாசலில் டீக்கு நிற்கும்போது அவர்கள் கண்ணைப் பாருங்கள், தெரியும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது ஒன்றுதான். பௌர்ணமி இரவுகளில் நெடுஞ்சாலையை ஒட்டிய நம் கடைகளில் முடிந்தவர்கள் வாசல் விளக்கை எரியவிட்டு, ஒரு குடம் தண்ணீரும் ஒரு கயிற்றுக் கட்டிலும் போட்டு வைப்போம். "டிரைவர்கள் ஒரு மணி நேரம் படுத்துப் போகலாம்" என்று தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பலகை. இதற்கு ஆகும் செலவு ஒரு சிப்பம் தீப்பெட்டி விலைகூட வராது.

பயணம் போகும் உறுப்பினர்கள் கவனத்துக்கு

1. அறை எண்ணிக்கை, ஒவ்வொன்றின் வாடகை, வரி, சேவைக் கட்டணம், மெத்தை, ஹீட்டர், சுடுதண்ணீர் நேரம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். செல்போனில் ஒரு செய்தியாக வந்தாலும் போதும். பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கேளுங்கள். தாமதமானால் வழியிலேயே போன் செய்து அறையை உறுதி செய்யுங்கள்.

3. போகும் ஊரில் திருவிழா, சீசன், விடுமுறை உண்டா என்று விசாரியுங்கள். உள்ளூர் டிரைவர் சொல்லும் பாதையைக் காசுக்காகத் தள்ளாதீர்கள்.

4. முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் அறையைப் பாருங்கள். போர்வையை விரித்துப் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள். அதுதான் நம் குத்தூசி.

5. நம் நாட்டில் ஹோட்டல்களும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. வெளிநாடுகளில் வழக்கம் வேறு. இலங்கையில் 10 சதவீதம் சேர்ப்பது சாதாரணம். முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

6. டிரைவரின் படுக்கையை முதலில் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் படுக்கைக்குப் போங்கள்.

ஆறாவதை நான் பெரியவரிடம் கற்றேன். பட்டை வியாபாரத்தில் நட்டம்தான். ஆனால் எட்டு பேரும் முழுசாக ஊர் வந்து சேர்ந்தோம், மறுநாள் காலை எப்போதும் போல் கடை திறந்தோம். அந்த நுவரெலியாக் கடைக்காரரின் பாதி சாத்திய பலகை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இப்போதெல்லாம் இரவு கடை சாத்தும்போது, சாலையில் ஏதாவது வண்டி நிற்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டைப் போடுகிறேன்.